பன்னிரண்டு முறை திறந்த வீடு

வேண்டாத வீட்டை யாராவது பதினோரு முறை திறந்து பார்ப்பார்களா? செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஸ்டெபியின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது இந்த ஒரே கேள்விதான்.

ஊட்டி சேரிங் கிராஸுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வர்க்கிக் கடையின் மாடியில் ரொனால்ட் நடத்தும் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. காட்டேஜ்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையப் பக்கம் செய்து தருவார்கள். கம்பெனி என்றால் ரொனால்ட், ஸ்டெபி, அப்புறம் எப்போதாவது வேலை செய்யும் ஒரு பிரிண்டர். கீழே அடுப்பில் வர்க்கி பிஸ்கட் வேகும் வாசனை நாள் முழுக்க மேலே ஏறிக்கொண்டே இருக்கும். காந்தலில் இருக்கும் வீட்டிலிருந்து காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்தாலும் பதினோரு மணிக்கு மறுபடி பசிக்கும்.

அந்த மாதம் அவர்கள் கையில் இருந்தது ஒரு அறக்கட்டளையின் வேலை. கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் ஓய்வு பெறப் போகிற தொழிலாளிகளுக்காக அந்த அறக்கட்டளை அறுபத்திரண்டு வீடுகள் கட்டியிருந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால், குடியிருக்கக் கொடுத்த லயம் என்கிற லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் குடியிருந்தாலும் அதே கதைதான். ஆகவே அந்த அறுபத்திரண்டு பேருக்கும் புது வீடு என்பது ஆடம்பரம் இல்லை, மழைக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

ஸ்டெபி செய்திருந்த பக்கம் ரொம்ப எளிமையானது. போனில் திறந்தால் பெயர்ப் பட்டியல் வரும். தன் பெயரைத் தொட்டால் பக்கத்துக்கு மேலே ஒரு பெட்டி எழும்பும். பெட்டியில் வீட்டின் படம், அதற்குக் கீழே ஏழு நிபந்தனைகள், அடியில் இரண்டு பட்டன்: சம்மதம், வேண்டாம். இரண்டில் ஒன்றை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாதவர்களின் வீடு, காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை வரை முப்பத்தாறு பேர் சம்மதம் சொல்லியிருந்தார்கள். மீதி இருபத்தாறு பேரிடமிருந்து பேச்சு மூச்சில்லை. அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து கீர்த்திவாசன் போன் செய்தார்.

"அவங்களுக்கு வேண்டாம்னுதானுங்க அர்த்தம். வேணும்னா இந்நேரம் அழுத்தியிருப்பாங்க இல்லீங்களா? வெயிட்டிங் லிஸ்ட்டை ரெடி பண்ணி வெச்சுக்கறோம்" என்றார்.

சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டு, யார் யார் எப்போது பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவை ஸ்டெபி சும்மா எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த இருபத்தாறு பேருமே பக்கத்தைத் திறந்திருந்தார்கள். ஒரு முறை இல்லை. நாலு முறை, ஏழு முறை. அன்னக்கிளி என்கிற ஒரு அம்மா பதினோரு முறை. ஓரிரு நாள் தவிரத் தினமும் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் திறந்து, தன் பெயரைத் தொட்டு, பெட்டி திறந்ததும் இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு எதையும் அழுத்தாமல் மூடியிருக்கிறார்.

"ரொனால்ட் அண்ணா, இதைப் பாருங்களேன்."

ரொனால்ட் எட்டிப் பார்த்தார். "நம்ம பக்கம் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அப்புறம் என்ன? குதிரையைத் தண்ணிகிட்ட கூட்டிட்டுப் போயாச்சு. குடிக்கறது அதோட இஷ்டம். நீ அந்த ஸ்கூல்காரங்க வேலையைப் பாரு."

ஸ்டெபியால் அப்படி விட முடியாது. அவள் பிறவி அப்படி. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால், ஏன் நின்றது என்று தெரியாமல் சட்னி இல்லாத தோசையைக்கூடத் தொடமாட்டாள். மிக்ஸி அம்மாவின் கைக்குத் திரும்ப வரும்போது இரண்டு திருகாணி குறைந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூட வேலையை ஓரமாக வைத்துவிட்டு அவள் போன் வேட்டையில் இறங்கினாள். தன் போனில் பக்கம் கச்சிதமாகத் தெரிந்தது. ரொனால்டின் போனிலும் அப்படியே. கீழே வர்க்கிக் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய பழைய போனில்தான் மாட்டியது. அந்தப் போனில் முகவரி எழுதும் பட்டை திரையின் அடியில் இருந்தது. ஸ்டெபியின் பெட்டி, அந்தப் பட்டையே இல்லை என்று நினைத்துக்கொண்டு முழுத் திரைக்கும் அளவெடுத்து நீண்டிருந்தது. இரண்டு பட்டனும் பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தன. பட்டை போக எஞ்சிய உயரம் எவ்வளவோ அதை மட்டும் எடுத்துக்கொள் என்று மாற்றி எழுத அவளுக்கு அரை மணி நேரம்தான் ஆனது.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்று கடைக்காரரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள். எதைக் கண்டுபிடித்தாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சந்தோஷமாக ஒரு வர்க்கி கொடுத்தார்.

புதன்கிழமை மதியத்துக்குள் மூன்று பேர் சம்மதம் அழுத்தியிருந்தார்கள். மூன்றே மூன்று பேர். இருபத்து மூன்று பேர் அப்படியே நின்றார்கள். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அன்னக்கிளி பன்னிரண்டாவது முறையாகத் திறந்து, இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு மூடினார். ஸ்டெபிக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. உடனே பட்டியலில் இருந்த அவருடைய நம்பருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் ஊட்டியிலிருந்து பேசறேன். அந்த வீட்டுப் பக்கம் செஞ்சது நான்தான். உங்களுக்கு நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரியுது புள்ள. இப்பத்தான் பார்த்தேன். நல்லாத்தான் கட்டியிருக்காங்க."

"கீழே பட்டன் தெரியுதுங்களா?"

"பட்டனா? அது என்னா? சன்னல் தெரியுது. கம்பி போட்டிருக்கு. பச்சைப் பெயின்ட்டு."

"சன்னல் சரிங்கம்மா. அதுக்குக் கீழே?"

அவ்வளவுதான், லைன் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை முறை போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்தது.

ஸ்டெபி வீட்டின் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். பச்சை சன்னல் படத்தின் இடது மூலையில் சின்னதாக இருந்தது. அதன் கம்பி அவள் கண்ணுக்கே சட்டென்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய படத்தில், வாசலையும் சுவரையும் கூரையையும் விட்டுவிட்டு அந்த அம்மா ஏன் சன்னல் கம்பியைச் சொல்ல வேண்டும்? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

"அண்ணா, நாளைக்கு எனக்கு லீவு வேணும்" என்றாள்.

"என்ன திடீர்னு?"

"ஓவேலி போறேன்."

"அங்க போயி என்ன பண்ணப் போறே?"

"அவங்க போனை எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாக்கணும்."

ரொனால்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போ, லீவு எல்லாம் கிடையாது, வேலை நாள்தான் என்றார். அந்த மனுஷன் நல்லதைச் செய்தாலும் திட்டுகிற மாதிரிதான் செய்வார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கூடலூர் போய் இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடித்தாள். ஜீப் ஓட்டிய ஷிஜோ, எங்கே போகிறாள் என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அவிடே ரேஞ்ச் இல்லா கேட்டோ சேச்சி. போன் எல்லாம் சும்மா டார்ச் அடிக்கான் மாத்ரம்" என்றான் மலையாளத்தில். போன் அங்கே டார்ச் அடிக்க மட்டும்தானாம். சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னான். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கி, எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது. அவன் வேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஸ்டெபி தெரிந்த ஜெபத்தையெல்லாம் ஒரு சுற்று சொல்லி முடித்தாள்.

எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி பாலகுமாரைப் பிடிக்கும்போது மணி பதினொன்று. முப்பது வயசுக்காரர். ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம்.

"ஏனுங்க, அந்த வீட்டு லிங்க்தானுங்களே? நான்தானுங்க எல்லாத்துக்கும் அனுப்பி உட்டேன். என்ர போன்ல சூப்பரா தெறக்குது பாருங்க" என்று திறந்து காட்டினார். உண்மைதான். சூப்பராகத்தான் திறந்தது.

பன்னிரண்டரைக்குக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு ஆட்கள் வந்தார்கள். அன்னக்கிளியைப் பாலகுமார் கூப்பிட்டுக் காட்டினார். குள்ளமான உடம்பு, நரைத்த தலையில் துண்டு, இடுப்பில் கட்டிய சாக்கு. வயசு ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வயசில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பல் ஏறி வந்தவர். வருகிற மார்ச்சோடு வேலை முடிகிறது.

"போன்ல பேசின புள்ளயா? இதுக்காகவா அம்புட்டுத் தூரத்திலிருந்து வந்தே? சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேம்மா. முதல்ல நீங்க அந்தப் பக்கத்தை எப்பவும் எப்படித் திறப்பீங்களோ, அதே மாதிரி திறங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

எல்லோருமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அன்னக்கிளி மழைக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை உருவினார். பக்கம் திறந்தது. பெயர்ப் பட்டியல் வந்தது. வந்த உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், இரண்டு விரலைத் திரையில் வைத்து அகல விரித்தார். எழுத்துகள் ஊதிப் பெரிதாயின. அப்படியே பட்டியலை இழுத்து இழுத்துத் தன் பெயரைத் தேடிப் பிடித்து அதைத் தொட்டார். பெட்டி எழும்பியது. திரை முழுக்க ஒரு பச்சை சன்னல். கம்பி தெரிந்தது. வேறு எதுவுமே தெரியவில்லை.

"இந்தா, இதுதான்" என்றார் அன்னக்கிளி.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "அம்மா, எதுக்கு விரிச்சீங்க? எழுத்து சின்னதாவா இருந்துச்சு?"

"எழுத்து என்னா எழுத்து, பேரைத் தேட வேணாமா?"

பாலகுமார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, அது பெரட்டுச் சீட்டுப் பழக்கமுங்க" என்றார்.

காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு இன்னார் இன்ன காட்டுக்கு என்று வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். முன்னெல்லாம் அதைக் களத்தில் நின்று கூப்பிடுவார்கள். இப்போது முதல் நாள் சாயங்காலமே பாலகுமார் கையால் எழுதிய சீட்டைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். நூற்று இருபது பேர் பெயரும் ஒரே தாளில், நண்டு பிராண்டின மாதிரி. அதை விரிக்காமல் ஒருத்தராலும் படிக்க முடியாது. மூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு எஸ்டேட்டே போனை விரித்துத்தான் தன் பெயரைத் தேடுகிறது. பெயர்ப் பட்டியல் என்று எது வந்தாலும் அந்தக் கைக்கு விரிக்கத்தான் தெரியும். ஏற்கெனவே சம்மதம் சொன்னவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள்தான் அழுத்திக் கொடுத்திருந்தார்கள். கூட இருந்த இன்னும் மூன்று பேரைத் திறந்து காட்டச் சொன்னாள் ஸ்டெபி. மூன்று பேரும் விரித்தார்கள். ஒருவருக்குப் பாதிக் கதவு தெரிந்தது, ஒருவருக்கு வானம், இன்னொருவருக்கு வெறும் சுண்ணாம்புச் சுவர்.

ஸ்டெபிக்குச் சந்தோஷத்தில் குதிக்கலாம் போலவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. பக்கம் என்பது சுவரில் ஒட்டிய பெரிய போஸ்டர் என்றால், விரித்த பிறகு திரையில் தெரிவது அதில் ஒரு துண்டுதான். அவளுடைய பெட்டி மொத்தப் போஸ்டரின் நடுவில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. பார்க்கிறவர் எந்தத் துண்டைப் பார்க்கிறார் என்று அது கேட்கவே இல்லை. அவள் கேட்கச் சொல்லவும் இல்லை. போனில் சரியாக அளவெடுத்துக் கொடுத்த பக்கத்தை யார் விரிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள். அதற்கு மேல் இன்னொரு கூத்து. பெட்டி திறந்திருக்கும்போது பின்னால் இருக்கும் பக்கம் நகரக் கூடாது என்று விரல் அசைவை எல்லாம் பூட்டி வைத்ததும் அவள்தான். ஆகவே சன்னலில் மாட்டியவர்களால் சுருக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை. அந்தப் பூட்டை ரொனால்டிடம் அவள் பெருமையாக வேறு காட்டியிருந்தாள்.

"இதுக்குக் கீழே சம்மதம்னு ஒரு பட்டன் இருக்குங்கம்மா. அதை அழுத்தணும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க, திறந்து பாத்து சம்மதம் குடுங்கன்னு. திறந்தோம், பாத்தோம். சம்மதம் இல்லாமலா பாக்கிறோம்? ரெடியானா கூப்பிடுவாங்கன்னு இருந்தோம்."

"அப்ப எதுக்கும்மா தினமும் திறந்தீங்க?"

அன்னக்கிளி கொஞ்சம் கூச்சப்பட்டார். "இருக்கான்னு பாக்கத்தான்" என்றார்.

இன்று ஐந்து மணி என்ற கெடுவை ஸ்டெபிதான் சொல்ல வேண்டியிருந்தது. அழுத்தாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்றதும் அன்னக்கிளியின் முகம் வெளுத்துப் போனது.

"மார்ச்சுல லயத்தைக் காலி பண்ணணும் புள்ள. மக திருப்பூர்ல ஒத்தைக் காம்பராவுல நாலு பேரோட கிடக்கா. அங்க போயி எங்க படுக்க?"

"விரிக்காம அழுத்துங்கன்னு சொல்லிப்போடலாமுங்களே" என்றார் பாலகுமார்.

இருபத்து மூன்று பேரில் எட்டுப் பேர்தான் இங்கே. மற்றவர்கள் எஸ்டேட்டின் இன்னொரு பகுதியான மேல் டிவிஷனில், மூன்று மலைக்கு அப்பால் இருந்தார்கள். மெசேஜில் விரிக்காதீர்கள் என்று எழுதலாம். ஆனால் மூன்று வருஷத்துப் பழக்கத்தை ஒரு மெசேஜ் நிறுத்திவிடும் என்று ஸ்டெபிக்கு நம்பிக்கை இல்லை. கீர்த்திவாசனுக்குப் போன் செய்து ஒரு நாள் அவகாசம் கேட்டாள். "கமிட்டி முடிவுங்க, என் கையில இல்லீங்க. அஞ்சு மணிக்கு முன்னாடி வந்தா சந்தோஷமா எடுத்துக்கறேனுங்க" என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப், அதற்கு இணையம் தர அவளுடைய போன். ரொனால்டைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கடைசி நேரத்துல கையை வெக்காதே ஸ்டெபி. இப்ப ஓடறதும் நின்னுரும்" என்றார் அவர்.

அவள் அன்னக்கிளி விரித்ததைப் பிடித்து வைத்திருந்த வீடியோவை அனுப்பினாள். ரொனால்ட் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம என்ன பொழப்பு பொழைக்கிறோம்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, "சரி, போடு. இங்க நான் டெஸ்ட் பண்றேன்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், பார்க்கிறவர் எந்தத் துண்டைப் பார்க்கிறார் என்ற கேள்விக்குப் போனிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. மொத்தப் பக்கத்தில் இப்போது கண்ணுக்குத் தெரியும் துண்டு எது, அது இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு இறங்கி, எத்தனை மடங்கு ஊதியிருக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். கேட்டால் சொல்லும். கேட்கிறவர்கள்தான் இல்லை. ஸ்டெபி கேட்டாள். கேட்டு வாங்கிய அளவுக்குள் பெட்டி அடங்கி நிற்கும்படி எழுதினாள்.

முதல் முறை பெட்டி வலது பக்கமாகப் பறந்து காணாமல் போனது. தள்ளி நிற்கும் தூரத்தை அவள் இரண்டு தரம் கூட்டிவிட்டாள். இரண்டாம் முறை சரியான இடத்தில் நின்றது, ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் யானை சைஸில் இருந்தது. ஊதிய மடங்குக்குத் தகுந்தபடி பெட்டியைச் சுருக்க மறந்திருந்தாள். நடுவில் மழை தூறி, பாலகுமார் தன் குடையை லேப்டாப்புக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். மூன்றாம் முறை ரொனால்ட் அங்கிருந்து, "விரிச்சுட்டேன், முழுசா தெரியுது, ரெண்டு பட்டனும் தெரியுது" என்றபோது மணி நாலு பத்து.

பாலகுமார் குழுவில் போட்டார்: பழைய பக்கத்தை மூடிவிட்டு எல்லோரும் மறுபடி திறக்கவும், ஐந்து மணிக்குள் சம்மதமோ வேண்டாமோ அழுத்தவும். மேல் டிவிஷன் மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஆட்களைச் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். ஸ்டெபி பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் உட்கார்ந்தாள்.

நாலு இருபத்தைந்துக்கு முதல் சம்மதம் வந்தது. அப்புறம் சேர்ந்தாற்போல் நாலு. நாலே முக்காலுக்குள் இன்னும் பதினாறு. ராமாத்தாள் என்று ஒருவர் வேண்டாம் என்று அழுத்தியிருந்தார். பாலகுமார் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவின் மகன் கூடலூரிலேயே வீடு கட்டிவிட்டதாகச் சொன்னார். ஸ்டெபிக்கு வேண்டாம் என்ற அந்த ஒரு பதிலைப் பார்த்தும் சந்தோஷமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இதுவரை வழி இல்லாமல்தானே இருந்தது.

நாலு ஐம்பதுக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் பாக்கி. யாரென்று பார்த்தால், அன்னக்கிளி. அவளுக்குப் பக்கத்திலேயே தொட்டிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்.

"அம்மா, நீங்க அழுத்தலையா?"

"படிக்கிறேன் புள்ள."

வழக்கம்போல் விரித்துத்தான் திறந்திருந்தார். பெட்டி ஒரு மூலையும் வெளியே போகாமல் அவர் கைக்குள் அடங்கி நின்றது. முழு வீடு, ஏழு நிபந்தனைகள், இரண்டு பட்டன். அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நிபந்தனையில் இருந்தார். வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்பது அது. ஏன் விடக் கூடாது என்று கேட்டார். ஸ்டெபி சொன்னாள். மூன்றாவதுக்குப் போனார். மணி நாலு ஐம்பத்து மூன்று.

"அம்மா, அஞ்சுக்கு மூடிரும். எல்லாம் நல்ல விதிதான், நான்தானே டைப் பண்ணினேன். நீங்க அழுத்திட்டு நிதானமாப் படிங்களேன்." அவளை அறியாமல் அவள் விரல் அந்தத் திரையை நோக்கிப் போய்விட்டது.

"கைய எடு புள்ள" என்றார் அன்னக்கிளி. கோபம் இல்லை. ஆனால் ஸ்டெபியின் கை அந்தரத்திலேயே நின்றது.

"எங்கப்பா ஆயுசுல நாலு இடத்துல கைநாட்டு வச்சாரு. இலங்கையில ஒண்ணு, இங்க வந்து மூணு. நாலும் மடிச்ச காகிதம். கைநாட்டு வைக்கிற எடம் மட்டும் வெளிய தெரியும். மத்த மடிப்புல என்னா எழுதியிருந்துச்சுன்னு சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் படிச்சுட்டுத்தான் வைப்பேன்."

ஸ்டெபிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் காட்டினார்கள். அவள் அதை மட்டும் மறைத்து வைத்திருந்தாள். இரண்டிலும் பாதிதான் கைக்கு வந்தது. இப்போது முழுசாகக் கொடுத்துவிட்டு, படிக்காதே அழுத்து என்றால் அது என்ன நியாயம்? இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டாள்.

நாலாவது. ஐந்தாவது. ஆறாவதில் ஒரு சொல் புரியாமல் பாலகுமாரிடம் கேட்டார். அவர் சொன்னது திருப்தியாக இல்லை என்று மறுபடி ஸ்டெபியிடம் கேட்டார். மணி நாலு ஐம்பத்தேழு. போனில் ரொனால்ட், "ஒண்ணு பாக்கி, ஒண்ணு பாக்கி" என்று கத்திக்கொண்டிருந்தார். ஸ்டெபி அவர் வாயை அடைக்க ஸ்பீக்கரை அணைத்தாள்.

ஏழாவது நிபந்தனையை அன்னக்கிளி மெல்லப் படித்தார். "வீடு பயனாளியின் பெயரில் பதிவு செய்யப்படும். வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரை வெளியேற்ற இயலாது. பராமரிப்பு முழுவதும் அவருடைய பொறுப்பு." படித்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"பராமரிப்புன்னா என்னா புள்ள?"

"கூரை ஒழுகினா, சுவர் விரிசல் விட்டா, அதைச் சரி பண்றது."

"அதுக்கு யாருகிட்டப் போயி நிக்கணும்? இங்கன்னா ஆபீசு வாசல்ல நிப்போம். தொரை வெளிய வர்ற வரைக்கும், வந்தாருன்னா அவரு காது குடுக்கிற வரைக்கும். ஒரு தகரம் மாத்த ரெண்டு மழைக்காலம் நின்னிருக்கேன்."

"யாருகிட்டயும் நிக்க வேண்டாம்மா. அது உங்க வீடு. நீங்களேதான் பாத்துக்கணும்."

"யாருகிட்டயும் வேணாமா?"

"வேண்டாம்."

அன்னக்கிளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி நாலு ஐம்பத்தொன்பது. கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு.

"அப்ப ஒழுகினா ஒழுகட்டும் புள்ள" என்று சொல்லிவிட்டுச் சம்மதத்தை அழுத்தினார்.